இருபத்திரண்டு மீட்டர்

புன்டா அரேனாஸில் மரவீடுகளுக்குத்
தகரச் சட்டை போட்டிருப்பார்கள், காற்றுக்குப் பயந்து.
எங்கள் பின்னறை பிற்பாடு சேர்த்துக் கட்டியது.
நடுவில் பழைய வெளிச்சுவர்,
அதன் நெளிதகரத்தை யாரும் கழற்றவேயில்லை.
கூடத்து ரூட்டர் ஒரு சொல் அனுப்பினால்
தகரத்தில் முட்டிக்கொண்டு
பாதிச் சொல்தான் பின்னறைக்கு வரும்.

அங்கேதான் கணப்பு, சுலேமாவின் தையல் மெஷின்,
மகளைப் பார்க்கிற திரை.
ஞாயிறுதோறும் கொன்செப்சியோனில்
யாஸ்னா வாய் பாதி திறந்தபடி உறைந்துபோவாள்.
கம்பெனியைத் திட்டினோம்.
காற்றைத் திட்டினோம்.
மறுபடி அழைக்கும்போது
கேட்ட கேள்வி ஆறிப்போயிருக்கும்.

கடைசியில் சுலேமா
கம்பளி நூலால் வழியை அளந்தாள்:
கூடத்து மூலை, கதவு நிலைக்கு மேலே,
குளியலறை ஓரம், சுவரில் துளை.
திரும்புகிற இடத்திலெல்லாம் ஒரு முடிச்சு.
நூலுண்டையை என் கோட்டுப் பைக்குள் திணித்து,
"இந்த நீளம், கொஞ்சம் கூட" என்றாள்.

மிர்தா குசனோவிச்சின் கடையில்
கேட் ஃபைவ், கேட் சிக்ஸ், கேட் எய்ட்
சுருள் சுருளாய்த் தொங்கின.
"எட்டுதானே பெரிது? அதையே கொடுங்கள்."
போர்வெனீர் படகில் முப்பது வருடம்
கயிறு வீசிக் கட்டுகிறவன் பேசுகிற பேச்சா?
"துடுப்புப் படகைக் கட்ட
நங்கூரச் சங்கிலி கேட்பீர்களா?" என்றாள்.

பாதி விலையில் ஒன்று இருந்தது.
உறையில் அதே எழுத்து, அதே நீலம்.
கையில் வாங்கினால் கனமே இல்லை.
மிர்தா கத்தி நுனியால் சுரண்டினாள்.
செம்பு உரிந்து
உள்ளே வெளுப்பாய் அலுமினியம்.
எனக்கு அப்படி இரண்டு மைத்துனர்கள்.

நல்லதை உரித்துக் காட்டினாள்.
எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாய்ப் பின்னிக்கொண்டு.
முறுக்கில்லாத கயிற்றை நானும் நம்பமாட்டேன்,
ஆனால் இந்த முறுக்கு பலத்துக்கு இல்லையாம்.
"வெளிச் சத்தம் இரண்டின் மேலும் ஒரேபோல விழும்.
அந்த முனையில்
ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால்
சத்தம் போய்விடும், செய்தி மிஞ்சும்."
சுலேமாவும் நானும் இரவு முழுக்கச் சண்டை போட்டு
காலையில் ஒரே ரொட்டியைப் பிய்த்தது
ஏனோ நினைவுக்கு வந்தது.

"கவசம் போட்டது வேண்டுமா?
பக்கத்தில் மோட்டார் எதுவும் ஓடுகிறதா?"
"தையல் மெஷின்."
"அப்படியென்றால் சாதா கேட் சிக்ஸ் போதும், முழுச் செம்பு."

முடிச்சுகளை எண்ணி நூலை நீட்டினாள்.
இருபது மீட்டர்.
இருபத்திரண்டில் வெட்டினாள்.
"விறைப்பாக இழுக்காதீர்கள். மூலையில் மடிக்காதீர்கள்,
வளைந்து போகட்டும்."
அதை எனக்குச் சொல்ல வேண்டாம்.
கடல் ஏறும் இறங்கும்,
தளர்வு விடாமல் கட்டுகிறவன்
விடியும்போது கம்பத்தைத்தான் பார்ப்பான்.

ஞாயிற்றுக்கிழமை.
யாஸ்னாவின் ஒரு இமைமயிர் கன்னத்தில் உதிர்ந்து கிடந்தது,
அதுகூடத் தெரிந்தது.
சுலேமா கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள், அவள் துடைத்தாள்.
மழை பற்றிப் பேசினோம். வெங்காய விலை பற்றி.
பிறகு சுலேமா கேட்டாள்:
"பிப்ரவரியில் வருகிறாய்தானே?"

யாஸ்னா உறைந்துபோனாள்.
அதே பாதி திறந்த வாய்,
அதே நிலைத்த கண்.

அவளுக்குப் பின்னால் ஜன்னலில்
திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.

எத்தனை ஞாயிறு என்று எண்ணத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.
சுலேமா திரைச்சீலையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
ரூட்டரில் பச்சை விளக்கு
துளியும் இமைக்கவில்லை.

"லைன் போய்விட்டது போல" என்றேன்.

"ஆமாம்" என்றாள் சுலேமா,
மெஷினுக்கு நூல் கோக்கத் திரும்பியபடி.
"இந்தக் காற்றில் வேறென்ன."